நிலம் தேடிய குடிவழி: பூன் குடும்பத்தின் ஐந்து தலைமுறைகள்

அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றில் டேனியல் பூனின் பெயர் பெரும்பாலும் ஒரு தனி மனிதனின் பெயராகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. தோளில் நீண்ட துப்பாக்கியுடன் ஆளரவமற்ற காட்டுக்குள் நடந்துசெல்லும் வேட்டைக்காரன் என்ற சித்திரம், பள்ளி ஆசிரியராகவும் நில வணிகராகவும் இருந்த ஜான் ஃபில்சன் கெண்டக்கியைப் பற்றி 1784-இல் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் உருப்பெற்று, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் பரவி, அவர் உயிரோடிருக்கும்போதே அவரை ஒரு கதைநாயகனாக்கிவிட்டது. நிலப்பத்திரங்களையும் சபைக் குறிப்பேடுகளையும் நீதிமன்றப் பதிவுகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு வேறொரு காட்சி தெரிகிறது: பெண் கொடுத்துப் பெண் எடுத்துத் தம்முள் பின்னிக்கொண்ட சில குடும்பங்கள், நிலத்தைப் பெறுவதும் அதை இழப்பதும் மீண்டும் மேற்கே கிளம்புவதுமாக ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நகர்ந்த காட்சி அது. ஐரோப்பியக் குடியேறிகளின் வயல்கள் முடிந்து, தொல்குடி மக்களின் ஊர்களும் வேட்டை நிலங்களும் தொடங்குகிற நிலப்பகுதியே அந்நாட்டு வரலாற்றில் எல்லைப்புறம் எனப்படுகிறது. அது ஓரிடத்தில் நில்லாமல் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது, அதன் விளிம்பிலேயே பூன் குடும்பமும் நகர்ந்தது.

இக்குடும்பத்தின் தொடக்கம் காட்டில் இல்லை, தறியில் இருக்கிறது. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பிராட்னின்ச் என்ற ஊரில் கம்பளித் துணி நெய்துவந்த ஜார்ஜ் பூன், குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். குவேக்கர்கள், அதாவது நண்பர்கள் சபையினர், குருமார் இல்லாத வழிபாட்டையும் போர் மறுப்பையும் எளிய வாழ்வையும் கொள்கையாகக் கொண்டவர்கள். அதனாலேயே இங்கிலாந்தில் நெடுங்காலம் தொல்லைக்கு உள்ளானவர்கள். அவர்களுள் ஒருவரான வில்லியம் பென் நிறுவிய பென்சில்வேனியாவுக்கு ஜார்ஜ் பூன் முதலில் தம் பிள்ளைகள் மூவரை 1713-இல் அனுப்பி நிலைமையைப் பார்த்துவரச் செய்து, அவர்களிடமிருந்து நல்ல செய்தி கிடைத்த பிறகே 1717-இல் மனைவியோடும் மற்றப் பிள்ளைகளோடும் பிலடெல்பியாவில் வந்திறங்கினார். ஆய்ந்தோய்ந்து எடுத்த இந்த முடிவில் சாகச மனப்பான்மையின் சாயல் கொஞ்சமும் இல்லை. 1744-இல் அவர் இறந்தபோது பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் என 70 பேர் அவர் வழியில் இருந்தனர் எனக் குடும்பக் குறிப்பொன்று கணக்கிடுகிறது. இத்தனை பேருக்கும் நிலம் வேண்டியிருந்தது என்ற ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டாலே பின்னால் நடந்தவற்றில் பாதி விளங்கிவிடும்.

முன்னோடியாக அனுப்பப்பட்ட மூவருள் ஒருவரே ஸ்குவயர் பூன். பட்டம்போல ஒலித்தாலும் அது அவருடைய இயற்பெயரே. தந்தையைப் போலவே நெசவாளரான அவர், கொல்லுத் தொழிலும் அறிந்தவர். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த குவேக்கர் குடும்பத்தைச் சேர்ந்த சாரா மார்கனை 1720-இல் மணந்து, பத்தாண்டுகளுக்குப் பின் ஓலி என்ற பள்ளத்தாக்கில் 250 ஏக்கர் வாங்கிக் குடியேறினார். அவர்களுக்குப் பதினொரு பிள்ளைகள். ஆறாவது பிள்ளை டேனியல், 1734-இல் பிறந்தவர். வீட்டில் தறிகளும் பட்டறையும் இருந்தன, மாடுகளும் இருந்தன. வீட்டுக்குத் தொலைவில் தனியாக ஒரு மேய்ச்சல் நிலம் வாங்கியிருந்ததால், கோடைதோறும் தாயும் டேனியலும் அங்கே ஒரு குடிசையில் தங்கி, பகலில் மாடு மேய்த்து, மாலையில் பால் கறந்து, தாய் வெண்ணெய் எடுக்கும் நேரத்தில் மகன் காட்டில் சுற்றிப் பழகினான். லெனாபே, ஷானி போன்ற தொல்குடியினர் அக்காலத்தில் அப்பகுதிக்கு வந்துபோவது வழக்கமாக இருந்தது; குவேக்கர்களுக்கும் அவர்களுக்கும் பகையில்லாத காலம் அது. காட்டறிவின் முதல் பாடங்களைப் பூன் பெற்றது தாயோடு மாடு மேய்த்த அந்தக் கோடைகளில்தான்.

குடும்பம் ஓலியை விட்டுக் கிளம்பியதற்குத் திருமணங்கள் ஒரு காரணம். மூத்த மகள் 1742-இல் சபைக்கு வெளியே மணம் செய்துகொண்டபோது, ஸ்குவயர் சபையின் முன் தவற்றை ஒப்புக்கொண்டார். 1747-இல் மகன் இஸ்ரேலும் அவ்வாறே மணந்தபோது, அவர் பணிய மறுத்தார். மறு ஆண்டில் சபை அவரை விலக்கியது, ஆயினும் சாரா விலக்கப்படவில்லை. 1750-இல் அவர்கள் நிலத்தை விற்றுவிட்டுத் தெற்கே புறப்பட்டனர். சபையோடு நேர்ந்த பிணக்கை மட்டுமே காரணமாகக் கூறும் வழக்கு உண்டெனினும், பல பிள்ளைகள் வளர்ந்த வீட்டுக்கு 250 ஏக்கர் போதாது என்பதையும், பென்சில்வேனியாவில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அவர்கள் சென்றடைந்த யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கு, வட கரோலினாவில், கிரான்வில் பிரபு என்ற ஆங்கிலேயப் பெருநிலக்கிழாருக்கு உரிய பகுதியில் இருந்தது. ஸ்குவயர் அங்கே ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் கொண்ட நிலங்களைப் பெற்றார். உள்ளூர் நீதிபதியாகவும் ஆனார். அவர்களுக்குச் சற்று முன்பே பிரையன் என்ற பெரிய குடும்பம் அங்கே வந்து வேரூன்றியிருந்தது. டேனியலின் தங்கை மேரி, பிரையன் வீட்டு மருமகளானாள். டேனியல் அவ்வீட்டுப் பேத்தி ரெபெக்காவை 1756 ஆகஸ்ட் 14 அன்று மணந்தார். பின்னர் அவருடைய தம்பி எட்வர்டு, ரெபெக்காவின் தங்கை மார்த்தாவை மணந்தார். கொண்டான் கொடுத்தான் உறவு தமிழ் நிலத்துக்கு மட்டும் உரியதன்று. நீதிமன்றமோ வங்கியோ படையோ எட்டாத ஓரிடத்தில், கடன் கேட்கவும் காவலுக்கு ஆள் கூப்பிடவும் உள்ள ஒரே வழி சம்பந்தி வீடுதான் என்பதால், எல்லைப்புறம் அந்த உறவை எங்கும் உண்டாக்கியது. டேனியல், ரெபெக்காவின் மணத்தை நடத்திவைத்தவர் நீதிபதியான ஸ்குவயரே. மணமான உடனேயே ரெபெக்காவின் கையில் இரண்டு பிள்ளைகள் இருந்தனர்: சபையை மீறி மணந்த இஸ்ரேல் காசநோயால் இறந்துவிட, தாயும் இல்லாத அவருடைய புதல்வர்கள் ஜெஸ்ஸியையும் ஜானதனையும் அவர் ஏற்றுக்கொண்டார். பின்னர்த் தாமும் பத்துப் பிள்ளைகளைப் பெற்றார்.

இக்காலத்தில் டேனியலின் தொழில் உழவு என்று பத்திரங்கள் காட்டினாலும், வருவாய் வேட்டையிலிருந்தே வந்தது. இலையுதிர் காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி மலைகளுக்கு அப்பால் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கித் தோல் சேர்த்து வருபவர்கள் நெடுவேட்டையர் எனப்பட்டனர். மானின் தோல் மெல்லியதாகவும் செந்நிறமாகவும் இருக்கும் கோடையில் உரித்தால் அது காலணிக்கும் கையுறைக்கும் உகந்தது. உரோமத்துக்காக நீர்நாய், பீவர் முதலியவற்றைப் பிடிப்பதற்குக் குளிர்காலமே ஏற்றது. உரித்த தோலைச் சுரண்டி, உரோமத்தை நீக்கி, ஒரு பலகையின் விளிம்பில் தேய்த்து மென்மையாக்குவர். அரைப்பதம் பெற்ற இத்தகைய தோல்கள் ஏறத்தாழ நூற்றை ஒரு குதிரை சுமக்கும். இத்தோல்கள் கப்பலேறி ஐரோப்பாவில் கையுறையாகவும் கால்சட்டையாகவும் மாறின. வெடிமருந்து, ஈயம், பொறி, குதிரை ஆகிய எல்லாவற்றையும் வேட்டைக்காரர் முன்கடனாகவே வாங்க வேண்டியிருந்தது; தோல் வந்தால் கடன் தீரும், வழியில் பறிபோனால் வட்டியோடு நிற்கும். டேனியல் பூன் மீது கடன் வழக்குகள் சாலிஸ்பரி நீதிமன்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாயின.

கணவர் இல்லாத காலத்தில் வயலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ரெபெக்காவைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவு, ஏனெனில் அவர் எழுதப் படிக்க அறியாதவர். அவருடைய சொல்லுக்கு இருந்த எடையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1765-இல் புதிதாக ஆங்கிலேயர் வசமாகியிருந்த ஃபுளோரிடாவில் குடியேறுவோருக்கு நிலம் இலவசம் என்று அறிவிக்கப்பட்டபோது, டேனியல் அங்கே போய்ப் பார்த்துப் பென்சகோலாவில் மனை ஒன்றும் குறித்துவிட்டுத் திரும்பினார். ரெபெக்கா வர மறுத்துவிட்டார், திட்டம் அத்தோடு முடிந்தது. எங்கே போவது என்பதை வேட்டைக்காரர் முடிவு செய்தார் என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது. ரெபெக்காவின் உறவினர் யாரும் ஃபுளோரிடாவுக்குப் புறப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பின்னர் அவர்கள் கெண்டக்கிக்குப் புறப்பட்டபோது அவரும் புறப்பட்டார்.

கெண்டக்கி யாருமற்ற நிலமாக இருக்கவில்லை. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே வாழ்ந்த ஷானி மக்களுக்கும் தெற்கே வாழ்ந்த செரோக்கி மக்களுக்கும் அது பழகிய வேட்டை நிலம். அவர்களுடைய நெடும்பாதை அதன் நடுவே ஓடியது. பிரித்தானிய அரசே 1763-இல் அப்பலேச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று ஆணை பிறப்பித்திருந்தது. 1769 மே மாதத்தில் ஜான் ஃபின்ட்லி என்ற வணிகரோடும் தம் தங்கை கணவர் ஜான் ஸ்டூவர்ட்டோடும் கம்பர்லண்டு கணவாயைக் கடந்து உள்ளே போன பூன், அவ்வாண்டின் இறுதியில் ஷானி மக்களிடம் பிடிபட்டார். சேர்த்த தோல்களையும் குதிரைகளையும் அவர்கள் எடுத்துக்கொண்டு, இனி இங்கே வரக் கூடாது என்று எச்சரித்து விடுவித்தனர். வேட்டை நிலத்தின் உரிமையாளர்கள் திருட்டு வேட்டைக்காரனை நடத்த வேண்டிய முறையில்தான் நடத்தினர். ஆனால் குடும்பக் கதைகளில் இது கொள்ளையாகவே நினைவுகூரப்படுகிறது. அந்தப் பயணத்தில் ஸ்டூவர்ட் காணாமற்போனார். தந்தையின் பெயரையே கொண்ட தம்பி ஸ்குவயர் துணைக்கு வந்து சேர, இரண்டு ஆண்டுகள் கழித்தே பூன் வீடு திரும்பினார்.

1773 செப்டம்பரில் யாட்கின் பண்ணையை விற்று, குடும்பத்தோடும் சில அண்டை வீட்டாரோடும் கெண்டக்கிக்குக் கிளம்பியபோது, அக்டோபர் 10 அன்று விடியலில் பின்தங்கி வந்த சிறு குழு ஒன்று தாக்கப்பட்டது. பதினாறு வயதான மூத்த மகன் ஜேம்ஸ் அதில் கொல்லப்பட்டான். அக்குழுவில் அடிமைகள் இருவரும் இருந்தனர். சார்லஸ் என்பவர் கொல்லப்பட, ஆடம் என்பவர் ஆற்றோரத்தில் ஒதுங்கிய மரக்குவியலுக்குள் ஒளிந்து உயிர் தப்பினார். நடந்ததைப் பிற்காலத்துக்குச் சொன்ன கண்கண்ட சாட்சி அவரே. எல்லைப்புறக் குடும்ப வரலாறுகளில் அடிமைகள் பெயரில்லாமல் ஓரிரு சொற்களில் கடந்துபோவது வழக்கம். பூன் குடும்பத்தின் இடப்பெயர்ச்சிகளில் அவர்களும் உடனிருந்தார்கள் என்பதைப் பதிவுகள் தெளிவாகவே காட்டுகின்றன.

குடியேற்றத்துக்கு வழி திறந்தவர் ரிச்சர்டு ஹெண்டர்சன் என்ற வழக்கறிஞர். டிரான்சில்வேனியா கம்பெனி என்ற பெயரில் கூட்டு முதல் சேர்த்து, 1775 மார்ச்சில் சிகமோர் ஷோல்ஸ் என்னுமிடத்தில் செரோக்கித் தலைவர்களிடமிருந்து, 10,000 பவுன் மதிப்புள்ள சரக்குகளுக்கு ஈடாக, கெண்டக்கியின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டதாக அவர் எழுதி வாங்கினார். செரோக்கியருள்ளேயே டிராகிங் கனூ என்ற இளந்தலைவர் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஷானி மக்களை யாரும் கேட்கவே இல்லை. தனியார் இவ்வாறு நிலம் வாங்குவது பிரித்தானியச் சட்டத்துக்கும் முரணானது. இந்தப் பேரத்தை நம்பி, ஏறத்தாழ 30 கோடரியாளர்களோடு பாதை வெட்டப் புறப்பட்ட பூனுக்குக் கூலியாக 2,000 ஏக்கர் தருவதாகக் கம்பெனி வாக்களித்தது. வனாந்தரச் சாலை என்று பின்னர்ப் பெயர்பெற்ற அந்த வழி, நாணல் புதரையும் சரிந்த மரங்களையும் வெட்டி விலக்கிய குதிரைத் தடமே ஆகும். வண்டி போகும் சாலையாக அது மாற இருபது ஆண்டுகளாயின. பாதை வெட்டிய கூட்டத்தில் பெண்கள் இருவரும் இருந்தனர்: சமையலுக்காக வந்த, அப்போதுதான் மணமான மகள் சூசன்னாவும், ஓர் அடிமைப் பெண்ணும். கெண்டக்கி ஆற்றின் தென்கரையில் எழுந்த குடியிருப்புக்குப் பூன்ஸ்பரோ என்று பெயர் வைத்தனர். ரெபெக்காவும் மற்றப் பிள்ளைகளும் அவ்வாண்டு செப்டம்பரில் வந்து சேர்ந்தனர்.

கோட்டை என்று சொல்லப்பட்டாலும் பூன்ஸ்பரோ மரக்குடிசைகளின் வரிசையே. குடிசைகளின் பின்சுவர்களே கோட்டை மதிலாக அமைய, இடைவெளிகளில் கூர்மரங்களை நட்டு அடைத்திருந்தனர். ஆடு இல்லை, பருத்தி இல்லை. ஆகவே பெண்கள் குளிர்காலம் கழிந்ததும் உலர்ந்து கிடக்கும் காஞ்சொறிச் செடியின் தண்டிலிருந்து நாரெடுத்து, காட்டெருமையின் மயிரோடு சேர்த்து நூற்றுத் துணி நெய்தனர். டெவன் தறியில் தொடங்கிய குடும்பத்தின் நெசவு, இப்போது பெண்களின் கையில் இந்த வடிவில் இருந்தது. 1776 ஜூலை 14 அன்று, பதின்மூன்று வயது மகள் ஜெமைமாவும் அண்டையிலிருந்த கால்லவே வீட்டுப் பெண்கள் இருவரும் ஆற்றில் ஓடத்தில் சென்றபோது, ஷானி, செரோக்கி வீரர்களால் பிடித்துச் செல்லப்பட்டனர்; பெண்கள் வழியெங்கும் குச்சிகளை முறித்தும் துணிக்கிழிசல்களைப் போட்டும் தடம் விட்டுப் போக, மூன்றாம் நாள் பூனும் மற்றவர்களும் அவர்களை மீட்டனர். நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் பின்னாளில் இந்நிகழ்ச்சியைத் தம் கதைக்குக் கருவாக எடுத்துக்கொண்டார். ஜெமைமா, மீட்கச் சென்றவர்களுள் ஒருவரான ஃபிளாண்டர்ஸ் கால்லவேயை மணந்தார். கொண்டான் கொடுத்தான் வட்டத்தில் இன்னொரு வீடு சேர்ந்தது.

இறைச்சி கெடாதிருக்க உப்பு வேண்டும். உப்புக்கு உவர் ஊற்று வேண்டும். பல நூறு காலன் உவர்நீரைக் காய்ச்சினால்தான் ஒரு மரக்கால் அளவில் உப்பு தேறும் நிலையில், 1778 தொடக்கத்தில் ஏறத்தாழ 30 ஆண்களோடு ப்ளூ லிக்ஸ் ஊற்றில் உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த பூன், பெரும் ஷானிப் படையிடம் பிடிபட்டு, எதிர்ப்பில் பயனில்லை என்று கண்டு தம் ஆட்களையும் சரணடையச் செய்தார். ஷானி மக்களிடம் போரில் இழந்தவர்களுக்கு ஈடாகப் பிடிபட்டவர்களை முறைப்படித் தத்தெடுக்கும் வழக்கம் உண்டு; தலைவர் பிளாக்ஃபிஷ் பூனைத் தம் மகனாகத் தத்தெடுத்து, பெரிய ஆமை என்று பொருள்படும் ஷெல்டோவீ என்ற பெயரையும் சூட்டினார். குடும்ப வரலாறு என்று பேசும்போது இந்தத் தத்துப் பெற்றோரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: பூன் அவர்களை அன்போடு நினைவுகூர்ந்தார் என்றே பிள்ளைகள் சொன்னார்கள். நான்கு மாதங்களுக்குப் பின், பூன்ஸ்பரோவைத் தாக்கப் படை திரள்வதைக் கண்டு தப்பி, ஏறத்தாழ 160 மைலைச் சில நாட்களில் கடந்து வந்தபோது, கணவர் இறந்துவிட்டார் என்று எண்ணிய ரெபெக்கா பிள்ளைகளோடு வட கரோலினாவிலுள்ள தாய்வீட்டாரிடம் போய்விட்டிருந்தார். ஜெமைமா மட்டுமே கோட்டையில் காத்திருந்தார். செப்டம்பரில் வந்த முற்றுகை ஒன்றரை வாரத்துக்குமேல் நீடித்து முறிந்தது. சரணடைந்ததற்காக உடனிருந்தவர்களே பூன் மீது படை விசாரணை நடத்தக் கோரினர். குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி, மேஜர் பதவியும் கிடைத்தது. எனினும் அந்த அவமானத்தை அவர் வாய்விட்டுப் பேசியதில்லை, ஃபில்சன் நூலிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளில் இழப்புகள் தொடர்ந்தன. 1780 அக்டோபரில் தம்பி எட்வர்டு, வேட்டையில் உடனிருந்தபோதே கொல்லப்பட்டார். 1782 ஆகஸ்ட் 19 அன்று ப்ளூ லிக்ஸில் நடந்த சண்டையில், ஏறத்தாழ 70 கெண்டக்கியரோடு டேனியலின் மகன் இஸ்ரேலும் தந்தையின் கண்முன் விழுந்தார். எதிரி பதுங்கியிருக்கிறான் என்று பூன் எச்சரித்தும் கேளாமல் மற்றவர்கள் ஆற்றைக் கடந்ததால் நேர்ந்த சாவு அது.

ஆயினும் பூன் குடும்பத்தைக் கெண்டக்கியிலிருந்து வெளியேற்றியது ஷானிப் படையன்று, பத்திரமே. ஹெண்டர்சன் வாங்கிய நிலம் செல்லாது என்று வர்ஜீனியா 1778-இல் அறிவித்து, கம்பெனியாருக்கு ஈடாக 200,000 ஏக்கர் கொடுத்தது. பூனுக்கு வாக்களித்த 2,000 ஏக்கர் காற்றோடு போயிற்று. 1779-இல் வந்த நிலச் சட்டம், 1778-க்கு முன் குடியேறிச் சோளம் விளைவித்தவர்களுக்கு 400 ஏக்கரும், அடுத்துள்ள 1,000 ஏக்கரை விலைக்கு வாங்கும் முன்னுரிமையும் தந்தது. மற்றவர்கள் கருவூல ஆணைச்சீட்டு வாங்கலாம். ஒரு துண்டு நிலம் கைக்கு வர நான்கு படிகளைக் கடக்க வேண்டும்: பணம் கட்டி ஆணைச்சீட்டு பெறுதல், எந்த இடம் என்று பதிவேட்டில் குறித்தல், அளந்து வரைபடம் இணைத்தல், இறுதியில் ஆளுநர் கையொப்பமிட்ட பட்டா பெறுதல். இவற்றுள் ஒன்றில் தாமதமோ தெளிவின்மையோ நேர்ந்தால் பின்னால் வந்தவர் வழக்குப் போட்டு வாங்கிவிடலாம். அரசு முன்கூட்டியே நிலத்தை அளந்து கட்டமிட்டு வைக்காமல், கேட்டவர் கேட்ட இடத்தை அவரவரே அளந்துகொள்ள விட்டதால், ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக உரிமைகள் படிந்து, ஒரே நிலத்துக்கு மூவர் நால்வர் பத்திரம் வைத்திருந்தனர்.

அளவை எவ்வாறு நடந்தது என்பதைப் பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரியும். பூன் 1783-இல் துணை நில அளவையராக நியமனம் பெற்று நூற்றுக்கும் மேற்பட்ட நிலங்களை அளந்தார். கருவி, திசைகாட்டியும் 66 அடி நீளத்தில் 100 கண்ணிகள் கொண்ட குண்டர் சங்கிலியும்தான். சென்னை மாகாண நில அளவையிலும் நெடுங்காலம் புழங்கிய அதே சங்கிலி. சங்கிலியை இழுக்க இருவர், மரத்தில் குறி வெட்ட ஒருவர். எல்லை என்பது ஓடைக் கரையில் நிற்கும் ஒரு வெள்ளைக் கருவாலி, அங்கிருந்து ஒரு திசையில் இத்தனை கோல் தொலைவில் மற்றொரு மரம், பிறகு ஓடையின் வளைவு, மீண்டும் தொடங்கிய கருவாலி என்ற முறையில் எழுதப்பட்டது. கருவாலி விழுந்தாலோ ஓடை தடம் மாறினாலோ பத்திரம் வெறும் கதையாகிவிடும். பூன் அளந்த சிலவற்றில் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று வழக்குகள் வந்தன. தம் வாடிக்கையாளர் இழந்த நிலத்துக்கு அவர் தம் நிலத்தைக் கொடுத்து ஈடுசெய்ய முயன்றார். 1780-இல் தாமும் பிறரும் நம்பிக் கொடுத்த ஏறத்தாழ 20,000 டாலர் அளவிலான காகிதப் பணத்தை ஆணைச்சீட்டு வாங்கக் கொண்டுசென்றபோது, ஒரு விடுதியில் தூங்குகையில் அது களவு போனது. அக்கடனும் அவர் தலையில் ஏறியது. நல்ல மனிதர் நயவஞ்சகரால் ஏமாற்றப்பட்டார் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள், அவரும் பல்லாயிரம் ஏக்கருக்கு உரிமை கோரிய நில வணிகர்களுள் ஒருவர் என்பதையும், விதிமுறைகளில் அசட்டையாக இருந்தவர் என்பதையும் மென்மையாகக் கடந்துவிடுகின்றனர்.

குடும்பம் ஒஹாயோ ஆற்றங்கரையிலுள்ள லைம்ஸ்டோன் துறைக்குப் பெயர்ந்து விடுதி நடத்தியது. விடுதியின் சமையலும் நிர்வாகமும் ரெபெக்கா கையில். 1787-இல் பூன் பெயரில் ஏழு அடிமைகள் வரிப்பதிவில் காணப்படுகின்றனர். பின்னர்க் கனாவா ஆற்றுப் பகுதிக்கும், அங்கிருந்து மீண்டும் வேட்டைக் குடிசைகளுக்கும் நகர்ந்தனர். 1790-இல் கெண்டக்கியின் மக்கள்தொகை 73,677. பத்தாண்டில் அது 220,955 ஆயிற்று, அவர்களுள் 40,343 பேர் அடிமைகள். 1798-இல் புதிய மாநிலம் தன் மாவட்டம் ஒன்றுக்குப் பூன் என்று பெயர் சூட்டியது. அக்காலத்திலேயே அவர் பெயரில் எஞ்சியிருந்த நிலங்கள் வரிப் பாக்கிக்காக ஏலம் போயின.

1799-இல் அவர்கள் கிளம்பியது அமெரிக்க நாட்டின் எல்லையைக் கடந்து, ஸ்பெயின் ஆட்சியிலிருந்த மிசூரிக்கு. மகன் டேனியல் மார்கன் முன்னரே சென்று பார்த்துவந்திருந்தார். கொள்ளுத்தாத்தா ஜார்ஜ் செய்த அதே ஏற்பாடு. மகள்களின் குடும்பங்களும் உடன் சென்றன. வழியில் கடைசி மகன் நேதன், பின்னால் விட்டுவந்த ஆலிவ் வான் பிபர் என்ற பெண்ணை மணப்பதற்காகத் திரும்பிப் போனார். மணமான சில நாட்களில் இருவரும் குதிரைகளோடு புறப்பட்டு, மிசூரி ஆற்றைச் சிறு படகில் கடக்கையில், நேதன் துடுப்பு வலிக்க, ஆலிவ் சுக்கான் பிடிக்க, குதிரைகள் படகின் பக்கமாக நீந்தின. நேதன் குதிரை, சேணம், கடிவாளம் ஆகியவற்றைக் கொடுத்து ஒரு நில உரிமையை வாங்கினார். அந்த முதல் குளிர்காலத்தில், ஆண்கள் வேட்டைக்குப் போய்விட, தரைகூடப் போடாத குடிசையில் ஆலிவும் ஓர் அடிமைச் சிறுமியும் தனித்திருந்தனர். இவ்விவரங்கள் கிடைப்பதற்குக் காரணம், லைமன் டிரேப்பர் என்ற சேகரிப்பாளர் 1851-இல் முதியவர்களாகிவிட்ட நேதனையும் ஆலிவையும் பல நாட்கள் கேட்டு எழுதிவைத்ததே.

ஸ்பானிய ஆட்சி பூனுக்கு 1,000 ஆர்பென், அதாவது ஏறத்தாழ 850 ஏக்கர் நிலமும், 1800-இல் சிண்டிக் பதவியும் தந்தது. சிண்டிக் என்பவர் தம் வட்டத்துக்கு நீதிபதி, காவல் தலைவர், பதிவாளர் எல்லாமே. ஒரு மரத்தடியில் அமர்ந்து அவர் தீர்ப்புச் சொன்னதாக மரபு சொல்கிறது. ஸ்பெயின் அதே காலத்தில் ஒஹாயோவிலிருந்து துரத்தப்பட்ட ஷானி மக்களுக்கும் மிசூரியில் நிலம் கொடுத்திருந்தது. ஆகவே பூன் குடும்பமும் அவர்களோடு கெண்டக்கிக்காகப் போரிட்டவர்களும் ஒரே ஆட்சியின் கீழ் குடியேறிகளாயினர். 1803-இல் லூசியானாப் பெருநிலம் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டதும், பயிரிடவில்லை, முழுமையான பட்டா பெறவில்லை என்ற காரணங்களைக் காட்டி நில ஆணையம் பூனின் உரிமையை 1809-இல் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றம் 1814-இல் 1,000 ஆர்பெனைத் திருப்பிக் கொடுத்தது. கெண்டக்கிக் கடன்காரர்களுக்குக் கொடுக்க அதையும் அவர் விற்றார். ரெபெக்கா அதற்கு ஓராண்டு முன், 1813 மார்ச்சில் இறந்திருந்தார். பூன் 1820 செப்டம்பர் 26 அன்று நேதனின் கல்வீட்டில் காலமானார். கடைசிக் காலத்து வேட்டைகளில் அவருக்குத் துணை, மகன் டேனியல் மார்கனின் அடிமையான டெரி கோபர்ன்.

அடுத்த தலைமுறை தந்தையின் தொழில்களை அரசின் தொழில்களாக்கியது. நேதனும் டேனியல் மார்கனும் 1805-இல் மிசூரியின் நடுப்பகுதியில் உப்பு காய்ச்சத் தொடங்கிய ஊற்றுக்குப் போன வழி, பூன்ஸ்லிக் சாலை என்ற பெயரில் மேற்கே செல்லும் பெருவழியாயிற்று. நேதன் குதிரைப்படை அதிகாரியாகி, கிழக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட கிரீக், செரோக்கி மக்களுக்கு ஒதுக்கிய நிலங்களின் எல்லையை அளந்தார். டேனியல் மார்கன் கான்சா மக்களுக்கு உழவு கற்பிக்க அரசு அமர்த்திய ஆசிரியரானார். டேனியலின் சொந்த மகன்களுள் இன்னொருவரான ஜெஸ்ஸி மிசூரியின் முதல் சட்டமன்றத்தில் இடம்பெற்று, தந்தை இறந்த ஆண்டிலேயே இறந்தார்.

ஜெஸ்ஸியின் மகள் பாந்தியா, லில்பர்ன் பாக்ஸ் என்பவரை மணந்தார். மிசூரி ஆளுநராக 1838-இல் மோர்மோன் சமயத்தினரை மாநிலத்தைவிட்டு விரட்ட ஆணையிட்டவர் அவர். அந்தக் குடும்பம் 1846-இல் வண்டிக் கூட்டத்தோடு பாறை மலைகளைக் கடந்து கலிபோர்னியாவுக்குச் சென்றது; மெக்சிகத் தளபதியாக இருந்த மரியானோ வாயேஹோ அவர்களைத் தம் பெட்டலூமா பண்ணை வீட்டில் தங்கவைக்க, அங்கே பிறந்த பேரனுக்கு நன்றியாக அவர் பெயரையே இட்டனர். ஜெஸ்ஸியின் மகன் ஆல்பர்ட் காலட்டின் பூன் கான்சாஸ் எல்லையில் வணிகம் செய்து, பின் கொலராடோவுக்குப் போய், தொல்குடி விவகார முகவரானார். 1861-இல் ஃபோர்ட் வைஸ் உடன்படிக்கையை அரசின் சார்பில் பேசி முடித்தவர் அவர். சேயென், அரபாஹோ மக்களின் சில தலைவர்கள் மட்டுமே ஒப்பமிட்ட அந்தப் பத்திரத்தின்படி, பத்து ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்கு உறுதியளிக்கப்பட்ட நிலத்தின் மிகப் பெரும்பகுதி கைமாறியது. ஒப்பமிடாத தலைவர்கள் அதை ஏற்கவில்லை, தகராறு வளர்ந்தது, 1864 நவம்பரில் சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த அம்மக்கள்மீது படை பாய்ந்து பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. ஆல்பர்ட் பூன் கொலராடோவிலேயே 1884-இல் இறந்தார். ஆர்கன்சா ஆற்றங்கரையில் அவர் வீடு கட்டிய இடத்திலுள்ள சிற்றூர் இன்றும் பூன் என்றே வழங்குகிறது.